பாசமலர் பார்த்துவிட்டு நாம் செய்யும் தவறுகள்

கல்யாண வீடியோவில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து நிற்கும் காட்சி வந்தால், பின்னணியில் பாசமலர் படத்தின் 'மலர்ந்தும் மலராத' பாட்டு ஒலிப்பது நாகர்கோவிலிலும் வழக்கம், மார்த்தாண்டத்திலும் வழக்கம். படம் வந்தது 1961இல். அதை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்திராத பிள்ளைகளுக்கும் "அவங்க ரெண்டு பேரும் பாசமலராக்கும்" என்று சொன்னால் பொருள் விளங்குகிறது. இத்தனை காலம் ஒரு படம் வீட்டுப் பேச்சில் தங்கிவிட்டால், அதிலிருந்து ஜனங்கள் பாடம் எடுப்பதும் இயல்பு. ஆனால் நாம் எடுக்கும் பாடம் முழுக்க கடைசிப் பத்து நிமிடத்திலிருந்தே வருகிறது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலான கதையை அழுகையில் மறந்துவிடுகிறோம். அதனால் குடும்பங்களில் நேரும் தவறுகளை எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. பெற்றோரை இழந்த அண்ணன் ராஜசேகரனும் (ராஜு) தங்கை ராதாவும் ஒருவருக்கொருவர் துணை. அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்படுகிறது. பொம்மை செய்து சேர்த்து வைத்த பணத்தைத் தங்கை எடுத்துக் கொடுக்கிறாள். அதையே முதலாக வைத்துத் தொடங்கிய பொம்மைத் தொழில் வளர்ந்து, தான் வேலை பார்த்த தொழிற்சாலையையே அண்ணன் வாங்கும் நிலைக்கு உயர்கிறான். நண்பன் ஆனந்தன் அவனிடம் வேலைக்குச் சேர்கிறான். ராதாவும் ஆனந்தனும் விரும்புகிறார்கள். முதலில் சீறிய அண்ணன் பிறகு மனம் மாறி அவனே கல்யாணம் செய்து வைக்கிறான். ஆனந்தன் பக்கத்து உறவுகள் வீட்டுக்குள் வந்ததும் விரிசல் விழுகிறது. அண்ணன் எல்லாவற்றையும் விட்டுப் போகிறான். திரும்பி வரும்போது தீபாவளி வெடியிலிருந்து தங்கையின் குழந்தையைக் காப்பாற்றி, தன் பார்வையை இழக்கிறான். 'கைவீசம்மா கைவீசு' என்று பழைய நினைவில் பேசியபடியே அண்ணனும், அவன் கையைப் பிடித்தபடி தங்கையும் உயிர் விடுகிறார்கள். ஏ. பீம்சிங் இயக்கம். சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஜெமினி கணேசனும் நடித்தார்கள். அடுத்த ஆண்டே தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டது.

முதல் தவறு, அந்தச் சாவைப் பாசத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது. தன்னை அழித்துக்கொள்கிறவன்தான் நல்ல அண்ணன் என்ற நினைப்பு நம் குமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போன எத்தனையோ பையன்களை வாட்டியிருக்கிறது. தங்கச்சிக்கு இத்தனை பவுன், ரொக்கம் இவ்வளவு என்று இங்கே பேசி முடித்துவிட்டு அங்கே போன் போடுவார்கள். அவன் சரி என்பான். வட்டிக்கு வாங்கி அனுப்புவான். வேலை போனதையோ, உடம்பு சுகமில்லாததையோ சொல்லமாட்டான். மூத்த தங்கச்சி முடிந்து இளையவள் முடியும்போது அவனுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அவனைச் சுட்டிக்காட்டி "இவனல்லவா அண்ணன்" என்று ஊர் மெச்சும். அந்த மெச்சல்தான் அவன் வாயைக் கட்டிப்போடுகிறது. படத்தில் ராஜு கஷ்டத்தை வெளியே சொல்லாமல் விலகிப் போனதால்தான் தங்கையால் அவனுக்கு உதவ முடியவில்லை. அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரியவந்தபோது நேரம் கடந்துவிட்டது. இதைப் பார்த்துவிட்டு நாமும் மௌனமாக இருந்து காட்டுவதில் என்ன இருக்கிறது? வீட்டில் அப்படி ஒரு பையன் இருந்தால், அடுத்த முறை பேசும்போது பணத்தைப் பற்றி எடுக்காமல், சாப்பாடு, தூக்கம், கடன் எவ்வளவு என்று கேளுங்கள். அவன் மழுப்பினால் திரும்பவும் கேளுங்கள்.

இன்னொன்று, 1961 மே மாதம் பாசமலர் திரைக்கு வந்தது. அதே மே மாதம்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் நாடாளுமன்றம் தாண்டி ஒப்புதல் பெற்றது. ஜூலை 1 முதல் அமலுக்கும் வந்தது. பாட்டு நம் மண்டபங்களுக்குள் வந்துவிட்டது, சட்டம் வாசலிலேயே நிற்கிறது.

பெண்ணிடம் நேராகக் கேளாமல் இருப்பது

அண்ணன் சம்மதிக்காவிட்டால் என் விருப்பத்தையே விட்டுவிடுகிறேன் என்று ராதா ஆனந்தனிடம் சொல்வதைப் பலரும் உச்சமான பாசமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் காட்சியில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. அண்ணனுக்குத் தங்கையின் மனசு தெரியவந்ததே மறைவாக நின்று கேட்டதால்தான். அந்த நேரம் அவன் அங்கே வராமல் இருந்திருந்தால்? ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த இரண்டு பேரில், ஒருத்தியின் வாழ்க்கை தற்செயலாகக் காதில் விழுந்த பேச்சினால் முடிவாகிறது.

நம் வீடுகளில் பெண் பார்க்க வரும் நாளில்தான் பெண்ணுக்கே விவரம் தெரியும் என்ற நிலை இன்னும் மாறாத இடங்கள் உண்டு. "அவ நம்ம பேச்சத் தட்டமாட்டா" என்று பெருமையாகச் சொல்வார்கள். தட்டமாட்டாள் என்பதாலேயே அவளை முதலில் கேட்க வேண்டும். ராஜுவிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கு அடுத்த நிமிடத்தில் இருக்கிறது. கோபமும் அந்தஸ்தும் தலைக்கேறி நின்ற ஒரு மனிதன், தங்கையின் சொல் காதில் விழுந்ததும் தன் முடிவை மாற்றிக்கொள்கிறான். தொழிற்சாலை முதலாளிக்கு அது சின்ன இறக்கமில்லை. படத்தில் ராஜு உண்மையிலேயே உயர்ந்து நிற்கும் இடம் எதுவென்று கேட்டால், சாவுக் காட்சியைத் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்வேன்.

தொழிற்சாலைக் கதையையும் யாரும் பேசுவதில்லை. தொழிலாளியாக இருந்தவன் முதலாளியானதும், தொழிலாளர் பக்கம் நிற்கும் நண்பன் அவனுக்கு எதிரியாகத் தெரிகிறான். இது முந்திரி ஆலைகளும் ரப்பர் தோட்டங்களும் உள்ள மாவட்டம். சொந்தக்காரனை வேலைக்கு வைப்பதும், நண்பனோடு சேர்ந்து கடை போடுவதும் அன்றாடம் நடக்கிறது. கூலி என்ன, விடுமுறை என்ன, லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்று முதல் நாளே பேசி எழுதி வைக்காமல், "நமக்குள்ள என்னத்த எழுத" என்று தொடங்குகிறார்கள். பிறகு கூலி கேட்டவன் நன்றி கெட்டவன் ஆகிவிடுகிறான். எழுதி வைத்தால் நட்பு குறைந்துவிடாது.

வில்லனைக் கண்டுபிடித்து நிம்மதி அடைவது

படம் முடிந்து எழுந்திருக்கும்போது நம் கோபமெல்லாம் ஆனந்தனின் உறவினர்கள் மேல் விழுகிறது. வீட்டைக் கெடுத்தவர்கள் அவர்களே என்று முடிவுகட்டிவிட்டால் மனசு லேசாகிவிடும். சொந்தக் குடும்பத்தில் சண்டை வந்தாலும் இதே வழக்கம்தான்: நாத்தனார் கெடுத்தாள், மாப்பிள்ளை வீட்டார் ஏற்றிவிட்டார்கள். உண்மையாகவே கோள் சொல்கிறவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோள் எடுபட வேண்டுமென்றால் முன்பே ஒரு இடைவெளி இருந்திருக்க வேண்டும். ராஜுவும் ஆனந்தனும் ஒரு காலத்தில் நண்பர்கள், பிறகு முதலாளியும் வேலைக்காரனும், அப்புறம் மச்சான்கள். உறவு இரண்டு முறை மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய மனக்கசப்பை எடுத்துப் பேசி முடித்திருந்தால், மூன்றாம் ஆள் சொல்லுக்கு அந்த வீட்டில் இவ்வளவு பலம் கிடைத்திருக்காது. மச்சான்கள் இருவரும் வாசலில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் பேச வேண்டியதை, பெண்கள் மூலமாகச் சொல்லி அனுப்புவது நம்மிடம் இருக்கும் பெரிய கெட்ட பழக்கம்.

எல்லாரும் ஒரே கூரைக்குள் இருப்பதுதான் பாசம் என்பதும் அப்படிப்பட்ட நினைப்பே. வசதி உள்ளவர்கள் அதே விளையில் (தோட்டத்தில்) தனி வீடு கட்டிக் கொடுப்பார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம், ஆனால் தனி அடுப்பு. அது நல்ல ஏற்பாடு.

தங்கை போட்ட மூலதனத்தை மறந்துவிடுவது

எனக்குப் பெரிதாகப் படும் தவறு இதுதான். அந்தச் சொத்துக்கெல்லாம் முதல் போட்டது ராதா. அவள் கையால் செய்த பொம்மை, அவள் சேமித்த பணம். பிறகு படம் முழுக்க அதை "அண்ணனின் சொத்து" என்றே எல்லாரும் பேசுகிறார்கள். அண்ணன் வெளியேறும்போது 'தங்கைக்காக அனைத்தையும் விட்டுக்கொடுத்தான்' என்று நாமும் உருகுகிறோம். பாதி முதலிலிருந்தே அவளுடையது என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தால் விட்டுக்கொடுக்க எதுவும் இருந்திருக்காது, பிளவு மூட்ட வந்தவர்களுக்கும் வேலை இருந்திருக்காது.

சொத்தும் உடன்பிறப்பும் மோதிய கதைகள் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு காலத்தில் ஆணின் சொத்து அவன் சகோதரியின் மகன்களுக்குப் போனது. மனைவியும் பிள்ளைகளும் கைவிடப்பட்டார்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்தக் கொடுமையை 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் ஒரு மனைவியின் வாயாலேயே சொல்ல வைத்தார். 1926இல் திருவிதாங்கூர் சட்டம் கொண்டுவந்து அந்த முறையை மாற்றியது. கிறிஸ்தவக் குடும்பங்களில் நிலைமை நேர் எதிர். 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. தென்னந்தோப்பும் வயலும் ஏக்கர் கணக்கில் இருந்தாலும் மகளுக்கு 5,000க்கு மேல் கிடையாது! கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற பெண்மணி தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1951இலிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன. அதனால் அந்தத் தீர்ப்பு அடுத்த மாநிலத்துச் செய்தியாக நின்றுவிடவில்லை, நம் வீட்டு விஷயமாக இருந்தது.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்துக் குடும்பத்தில் தகப்பனின் சுயசம்பாத்தியம் உயில் இல்லாமல் வந்தால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் தகப்பனைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே அப்போது மணமாகாத மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை அது கலைக்காது. கிறிஸ்தவர்களுக்கு மனைவி பங்கு மூன்றில் ஒன்று போக மீதி, ஆண் பெண் பாராமல் பிள்ளைகளுக்குச் சமம். முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு உள்ளதில் பாதி மகளுக்கு. அதையும் கொடுக்காத வீடுகள் இருக்கின்றன.

இவ்வளவும் இருக்க, பங்கு கேட்ட பெண்ணை நாம் எப்படிப் பார்க்கிறோம்? "அண்ணன்கிட்ட போயி பங்கு கேக்கியா மக்ளே? ஒனக்குப் போட்ட நகை போதாதா? ஊரு என்ன சொல்லும்?" பாசமலர் அவளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்படுகிறது. நகையும் ரொக்கமும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவை. அவை அவள் பெயரில் நிலமாக நிற்கவில்லை. சீதனம் வாங்கியதால் வாரிசு உரிமை போய்விடாது. தனக்கு வேண்டாம் என்று மனமார விட்டுக்கொடுக்கும் சகோதரிகளும் உண்டு, அது அவர்கள் விருப்பம். விருப்பம் என்றால் முழு விவரம் தெரிந்து, அவசரம் இல்லாமல் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். தகப்பனின் பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த கையோடு, கண்ணீர் காயும் முன் காரில் ஏற்றி சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது அதில் சேராது. எந்தச் சர்வே எண், எத்தனை சென்ட், என்ன மதிப்பு என்று வாசித்துக் காட்டாமல் நீட்டும் பத்திரத்தில் பெண்கள் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு வாரம் அவகாசம் கேட்டால் பாசம் முறியாது. முறிந்தால், அது முன்பே இற்றுப்போயிருந்தது.

அண்ணன்மார்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. தகப்பன் இருக்கும்போதே, எல்லாரையும் உட்கார வைத்து பாகப்பிரிவினையோ இஷ்டதானமோ (தானப் பத்திரம்) எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். வயதான காலத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றால் அதையும் அந்தக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லி எழுதுங்கள். நீங்கள் வீட்டுக்குச் செய்த செலவு, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன், இவையும் கணக்கில் வரட்டும். கணக்குப் பார்ப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

ஏற்கெனவே மனஸ்தாபம் வந்துவிட்ட வீடுகள், முதலில் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே வில்லங்கம் பார்க்கலாம். பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அங்கே அண்ணனும் தங்கையும் எதிரெதிராக வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரே பஸ்ஸில் சேர்ந்தே போய் மனு கொடுக்கலாம்.