கையெழுத்து போட்டவருக்கு அதிகாரம் இருக்கிறதா? பார்ப்பது இப்படித்தான்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால், சில மாதம் கழித்து வரும் பதிலின் அடியில் ‘ஆட்சித்தலைவருக்காக’ என்று வேறு யாரோ கையெழுத்து போட்டிருப்பார்கள். ஆட்சியர் எடுத்த முடிவை அவர் அனுப்பி மட்டும் வைத்திருந்தால் அது வெறும் ஒப்பம், தவறில்லை. முடிவையே அவர்தான் எடுத்தார் என்றால், அதற்குச் சட்டம் இடம் கொடுத்திருக்க வேண்டும், எழுத்தில் ஆணையும் இருக்க வேண்டும்.

முதலில் உங்களுக்கு வந்த ஆணையின் தலைப்பைப் பாருங்கள். யாருடைய செயல்முறைகள், முன்னிலை என்று எந்த அதிகாரியின் பெயர், ந.க. எண் (கோப்பு எண்) என்ன. அப்புறம் ‘பார்வை’, அதாவது எதை வைத்து ஆணை போட்டார்கள் என்று காட்டும் பட்டியல். அங்கே சட்டப்பிரிவோ அரசாணையோ இல்லாமல் உங்கள் மனுவும் வருவாய் ஆய்வாளர் அறிக்கையும் மட்டும் இருந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள்.

அடுத்து சட்டப்பிரிவையே எடுத்துப் படியுங்கள். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 13(3)-இன்படி ஆணை வேண்டும், 2023 திருத்தத்துக்குப் பிறகு அதை மாவட்ட நடுவரோ (ஆட்சியர்) உட்கோட்ட நடுவரோ (கோட்டாட்சியர்) தரலாம், அல்லது மாவட்ட நடுவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் தரலாம். கோட்டாட்சியர் போட்டால் பிரச்சினை இல்லை. வட்டாட்சியர் போட்டிருந்தால், நிர்வாக நடுவர் என்ற முறையில் அவருக்கு ஆட்சியர் அதிகாரம் அளித்த ஆணை எங்கே என்று கேட்க வேண்டியதுதான். (ஆம்பூரில் பிறந்தவர் வேலூருக்கு அலைய வேண்டாம், 2019-லிருந்து அது திருப்பத்தூர் மாவட்டம்.)

பட்டா கதை வேறு. வட்டாட்சியர் ஆணை, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று 1983 பட்டா பாஸ் புத்தகச் சட்டமே பிரித்து வைத்துவிட்டது. இது யாரும் யாருக்கும் ஒப்படைத்த அதிகாரம் இல்லை, அதனால் ஆட்சியரிடம் மனு மேல் மனு போட்டாலும் அது கீழேதான் இறங்கி வரும், அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு ஓடிவிடும்.

வாங்கிய அதிகாரத்தை இன்னொருவருக்குக் கைமாற்றுவதும் சட்டம் அனுமதித்தால்தான் செல்லும். தொழிலாளர் காப்பீட்டை நடத்தும் இ.எஸ்.ஐ. கழக வழக்கு ஒன்றில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘பொறுப்பு’ என்று போட்டுக் கையெழுத்திடுபவரையும் கவனியுங்கள்: அன்றாட அலுவல்களை மட்டும் பார்க்க வைக்கப்பட்டவர் சட்டம் நேரடியாகத் தந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே உண்டு. முழுக் கூடுதல் பொறுப்பா என்று நியமன ஆணையில் பாருங்கள்.

அதிகாரம் அளித்த ஆணை கைக்குக் கிடைக்கவில்லையா? வெள்ளைத்தாளில் தகவல் உரிமைச் சட்ட மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. ‘ஏன் கையெழுத்து போட்டார்?’ என்று எழுதினால் தட்டிக்கழிப்பார்கள். ‘இந்தப் பிரிவின் கீழ் இந்தப் பதவிக்கு அதிகாரம் வழங்கிய ஆணையின் நகல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள். அதிகாரிகளின் அதிகாரங்களை அலுவலகங்கள் தாங்களாகவே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4(1)(பி) பிரிவு சொல்வதையும் ஒரு வரி சேருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தபாலில் அனுப்பினால் அதன் ரசீதை மனு நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.