ஸ்டேஷன் வரை ஒரே கார், அங்கிருந்து ரயில்: நான்கு பேர் சேர்ந்து தொடங்குவது எப்படி?

"ரயிலில் போகலாம்தான், ஆனால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு." காரில் தனியாக வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். நானும் பல வருடம் சொன்னேன். ஆறு கிலோமீட்டர் தூரத்துக்குச் சரியான பேருந்து இல்லை என்பதற்காக, இருபத்திரண்டு கிலோமீட்டரையும் காரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பலர் ஒரு காரைப் பகிர்ந்துகொள்ளும் கார்பூலிங் என்றதும் அலுவலக வாசல் வரை ஒரே காரில் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கு வீடும் அலுவலகமும் ஒரே திசையில் இருக்கும் ஆட்கள் வேண்டும். அவர்கள் லேசில் கிடைக்க மாட்டார்கள். ஸ்டேஷன் வரை மட்டும் என்றால் கதையே வேறு. ரயிலை விட்டு இறங்கியபின் யார் எந்தப் பக்கம் போனால் நமக்கென்ன?

முதல் படி: வழியை மூன்றாக வெட்டுங்கள்

வீட்டிலிருந்து ஸ்டேஷன், ரயில், இறங்கியபின் அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். காரில் போகும் நாட்களில் பார்க்கிங் தேடும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

முதல் துண்டு பதினைந்து நிமிட நடை என்றாலோ, நல்ல பேருந்து இருந்தாலோ உங்களுக்குக் கார்பூலிங் தேவையில்லை. பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்களைக் காருக்கு இழுத்தால் சாலையில் ஒரு கார்கூடக் குறையாது.

"ஆளுக்கொரு காரில் ஸ்டேஷன் வரை போய் நிறுத்தினால் என்ன?" என்று கேட்கலாம். ஒன்றுமில்லாததற்கு அது தேவலாம். ஆனால் புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சில நூறு டிகிரிக்குச் சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். பெட்ரோல் கார் கக்கும் நச்சுப்புகையில் பெரும்பகுதி, எஞ்சின் குளிர்ந்திருக்கும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் வருகிறது. ஸ்டேஷன் போகும் குட்டிப் பயணம் முழுக்க ஏறக்குறைய அந்த நிமிடங்கள்தான். நான்கு குளிர்ந்த எஞ்சினுக்குப் பதில் ஒன்று போதும். பார்க்கிங்கிலும் மூன்று இடம் மிச்சம்.

இரண்டாம் படி: ஆள் பிடிப்பது

முதலில் பிளாட்பாரத்தில் தேடுங்கள். தினமும் அதே ரயிலுக்கு, அதே இடத்தில் வந்து நிற்கும் முகங்கள் இருக்குமே, அவர்களில் உங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர் யார் என்று விசாரியுங்கள். அப்புறம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு, அலுவலக அறிவிப்புப் பலகை.

ஓட்டுபவரையும் சேர்த்து நான்கு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ஒவ்வொருவரும் பத்து நாளில் ஒன்பது நாள் நேரத்துக்கு வருகிறவர் என்று வைத்துக்கொள்வோம், மோசமில்லை. நான்கு பேரும் ஒரே நாளில் நேரத்துக்கு வரும் வாய்ப்பு 0.9-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.65 சொச்சம். அதாவது மூன்று நாளுக்கு ஒரு நாள் யாராவது ஒருவர் தாமதம். யாரும் சோம்பேறி இல்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது.

அதனால் வீடு வீடாகப் போய் ஏற்றுவதை முதல் நாளே மறுத்துவிடுங்கள். எல்லோரும் நடந்து வரக்கூடிய ஒரே இடம், ஒரே நேரம். மூன்று நிமிடம் காத்திருப்பு, அதற்கு மேல் வண்டி நிற்காது. தவறவிட்டவர் அன்று வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் படி: ரயிலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று ஆரம்பிப்பார்கள். தலைகீழாக ஆரம்பியுங்கள். பிடிக்க வேண்டியது 8.10 ரயில் என்றால், 8.07க்குப் பிளாட்பாரத்தில் இருக்க வேண்டும். காரை நிறுத்தி நடந்து வர ஐந்து நிமிடம், ஆக 8.02க்கு வண்டி அங்கே நிற்க வேண்டும். ஓட்டும் நேரம் பதினான்கு நிமிடம் என்றால் 7.48க்குக் கிளம்ப வேண்டும். கூடும் நேரம் 7.45.

பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் தடத்தில் மூன்று நிமிட இடைவெளி போதும், தவறினாலும் நஷ்டம் பத்து நிமிடம்தான். அரை மணிக்கு ஒன்று என்றால் பத்து நிமிடமாவது முன்னதாகப் போய் நில்லுங்கள்.

நான்காம் படி: மாலை

கார்பூலிங் குழுக்கள் உடைவது இங்கேதான். எங்கள் முதல் முயற்சி ஒன்பது நாள்தான் ஓடியது. காலை நேரத்தை நிமிடக் கணக்கில் தீட்டி வைத்திருந்தோம், மாலையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஒன்பதாம் நாள், கார் வைத்திருந்தவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மதியமே திரும்பிவிட்டார். நாங்கள் மூவரும் 6.40 ரயிலில் இறங்கி, அவர் கார் நிற்கும் இடத்துக்குப் போனால் அங்கே காலி இடம். மழை வேறு. மறுநாள் மூவரும் அவரவர் காரை எடுத்துவிட்டோம். அவர்மேல் தப்பே இல்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று நாங்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை செய்தது இது. ஓட்டுபவர் மாலை நான்கு மணிக்குள் தான் வரும் ரயிலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். மற்றவர்கள் "சரி" அல்லது "இல்லை" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். ஓட்டுபவர் அவசரமாகக் கிளம்பினால், மற்றவர்கள் வீடு திரும்பும் வாடகைக் காருக்குப் பொது நிதியிலிருந்து பணம். மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்தோம், அதைத் தொட்டது மிகச் சில முறைதான். அப்படி ஒன்று இருக்கிறது என்ற தைரியமே ஆட்களைப் பிடித்து வைத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரத்தில், தனியாகக் கார் ஓட்டாமல் வேலைக்கு வருகிறவர்களுக்கு அவசர நாளில் வீடு திரும்ப இலவச வாகனம் தரும் திட்டமே உண்டு.

அதே வட்டாரத்தில் 1970களிலிருந்து இன்னொரு பழக்கமும் இருக்கிறது. நான்கு பேராவது உள்ள கார்களுக்கென விரைவுத் தடம் ஒதுக்கியபோது, ஓட்டுநர்கள் பேருந்துக்காக நின்றவர்களை ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள், காசு கிடையாது, 'ஸ்லக்கிங்' என்று பெயர். வரிசையில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு யாரும் காரில் ஏறுவதில்லை என்பது அவர்களுடைய எழுதப்படாத விதி. கார் வராவிட்டால் பேருந்து இருக்கிறதே என்ற நிம்மதியில்தான் இத்தனை காலம் ஓடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: காசு

எல்லோரிடமும் கார் இருந்தால் வாரம் ஒருவர் முறை எடுத்துக்கொள்ளுங்கள், பணப் பேச்சே வராது. ஒரே கார்தான் என்றால் லிட்டரில் கணக்கு வையுங்கள். சுற்றி வருவதோடு சேர்த்துப் போக வர 14 கிலோமீட்டர், மைலேஜ் 15 என்றால் நாளுக்கு ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஓட்டுபவரையும் சேர்த்து நான்கால் வகுங்கள், ஸ்டேஷன் பார்க்கிங் கட்டணத்தையும் அப்படியே. மாதக் கடைசியில் ஒரே தடவையாகத் தீர்த்துவிடலாம். செலவுக்கு மேல் வாங்காதீர்கள். லாபம் என்று வந்துவிட்டால் பல நாடுகளில் அது வாடகை வண்டிக் கணக்கில் சேரும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

மிச்சம் எவ்வளவு? நான்கு பேரும் தனித்தனியே 22 கிலோமீட்டர் போய் வந்தால் நாளுக்கு 176 கிலோமீட்டர். அது 14 ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். 27 கிலோ வந்த இடத்தில் காரிலிருந்து 2 கிலோ சொச்சம். ரயிலில் நம் பங்கு தனி, ஆனால் நாம் ஏறாவிட்டாலும் அது ஓடத்தான் போகிறது.

ஆறாம் படி: முதல் செய்தி

இரண்டு வாரம் சோதனை என்று சொல்லித் தொடங்குங்கள், விலக நினைப்பவருக்குச் சங்கடம் இருக்காது. ஞாயிறு இரவு இப்படி ஒன்று அனுப்பினால் போதும்:

"நாளை 7.45, பூங்கா வாசல். 7.48க்கு வண்டி கிளம்பிடும். 8.10 ரயில், விட்டால் 8.25. மாலை நான் வரும் ரயில் எதுன்னு நாலு மணிக்குச் சொல்றேன். வர்றவங்க இன்னிக்கு ராத்திரியே ஒரு 'சரி' போடுங்க."