தரவுத் தாளில் முதலில் 2, 8, 9

ஆய்வுகூடத்துக்கு இடர் மதிப்பீடு எழுதும்போது ஒவ்வொரு இரசாயனத்துக்கும் கம்பனி தரும் பாதுகாப்புத் தரவுத் தாளை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டாம், 2, 8, 9 ஆகிய பகுதிகளை முதலில் எடுங்கள். ஜிஎச்எஸ் (இரசாயனங்களை வகைப்படுத்தி லேபல் இடும் உலகப் பொது முறை) முறைப்படி வரும் தாளில், எந்தக் கம்பனியாக இருந்தாலும், 16 பகுதிகளும் ஒரே வரிசையில்தான் இருக்கும்: 2இல் என்ன ஆபத்து, 8இல் கையுறை, கண்ணாடி, காற்றோட்டம், 9இல் கொதிநிலையும் எந்தச் சூட்டில் ஆவி தீப்பற்றும் என்பதும். படிவத்தின் பெரும்பகுதி இதிலேயே நிரம்பிவிடும்.

திருகோணமலையில் இருப்பவர்கள் 9ஐ விடவே கூடாது. எளிதில் தீப்பற்றும் கரைப்பானான டைஎத்தில் ஈதர் 34.6 பாகை செல்சியஸில் கொதிக்கும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கரண்ட் போய் ஏசி நின்றால் களஞ்சிய அறையில் அந்தச் சூடு வந்துவிடும், அப்புறம் "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று எழுதி என்ன பயன்? வீட்டுப் பாவனைக்கான பிரிட்ஜிலும் வைக்காதீர்கள், உள்ளே ஒரு பொறி போதும், ஆவி பற்றிக்கொள்ளும். செய்முறைக்குத் தேவையான அளவை மட்டும், அதை ஒட்டிய நாட்களில் எடுப்பிப்பதுதான் நல்லது.

பொருட்களைக் கலக்கிற செய்முறைக்கு இந்தக் குறுக்குவழி போதாது. எது எதோடு சேரக்கூடாது என்பது 10இல் இருக்கிறது (பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு), இரசாயனத் தாக்கத்தில் புதிதாக உருவாகும் பொருளுக்கோ கையிலுள்ள தாள் எதுவும் பதில் சொல்லாது. நிலாவெளிக் கரையில் மாதிரி எடுக்கப் போவது போன்ற களவேலைக்கும் இது உதவாது, அங்கே இடத்தை நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.