மனச்சோர்வு அண்டாமல் இருக்க, எழும்பும் நேரத்தில் இருந்து தொடங்குங்கள்

மனச்சோர்வு சோம்பலும் இல்லை, மனத்திடம் இல்லாதவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. பரம்பரை, இழப்பு, கடன், நாட்பட்ட வருத்தம் என்று பல காரணங்கள் சேர்ந்து வருகிற நோய். பழக்கங்களால் மட்டும் அதை முற்றாகத் தடுக்கலாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். வாரத்துக்கு ஒரு படி போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்தால் எதுவும் நிலைக்காது.

படி 1: எழும்பும் நேரம்

பலர் படுக்கும் நேரத்தைத்தான் முதலில் திருத்தப் பார்க்கிறார்கள். நித்திரையை வலிந்து வரவழைக்க முடியாது. எழும்புவது நம் கையில் இருக்கிறது. ஐந்தரை என்றால் ஞாயிறும் ஐந்தரைதான். எழும்பியதும் போனைத் தூக்காமல் வெளியே வாருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடம்பின் உள்மணிக்கூடு சரியாகிறது. இரவில் நேரத்துக்கு நித்திரை வருவதும் அதனால்தான். திருகோணமலையில் சூரியன் கடலில் இருந்தே எழும்புகிறது. கடற்கரைக்குப் போக முடியாதவர்களுக்கு முற்றமே போதும்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கோப்பி, பிளேன்டீ வேண்டாம். குடித்து ஐந்தாறு மணித்தியாலம் கழிந்தும் கஃபீனில் ஏறக்குறையப் பாதி உடம்பில் நிற்கும்.

இரவில் கடலுக்குப் போகிறவர்களுக்கும் இரவு வேலை செய்கிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தாது. அவர்கள் பகலில் அறையை இருட்டாக்கி, தினமும் ஒரே நேரத்தில் படுக்கப் பார்க்கலாம்.

படி 2: நடை

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணித்தியாலம். தொடங்குகிறவர்களுக்குப் பத்து நிமிடமே நல்ல ஆரம்பம். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: அதுதான் சரியான வேகம். கோட்டை வாசலால் உள்ளே போய், மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயில் ஏற்றம் வரை நடந்தால் மூச்சு வாங்கும், மனமும் இளகும். தனியாகப் போகத் தயங்கும் பெண்கள் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கார்த்திகை, மார்கழி மாரியில்தான் பழக்கம் அறுந்துபோகும். மழை நாளில் விறாந்தையிலேயே நடக்கலாம்.

மனம் வந்தால் போவோம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். மனம் சோரும்போது முதலில் போவதே விருப்பம்தான். செருப்பைப் போட்டு ஒழுங்கை முடிவு வரையாவது போய் வாருங்கள்.

படி 3: சாப்பாடு

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், காலைச் சாப்பாட்டை விடவேண்டாம். கீரை, பருப்பு, மீன் என்று வீட்டில் சமைப்பதே போதும். கவலையை மறக்கக் குடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: மது நித்திரையைக் குலைத்து மனத்தை இன்னும் கீழே தள்ளும்.

படி 4: ஒரு ஆளோடு கதையுங்கள்

தினமும் ஒருவரோடாவது முகம் பார்த்துக் கதையுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்க, தனித்துப்போன தாய் தகப்பன் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுடைய படலையைத் தட்டுவது உங்களுக்கும் நல்லது.

படி 5: எப்போது வைத்தியரிடம் போவது?

கவலை, எதிலும் பிடிப்பின்மை, நித்திரைக் குழப்பம், பசியின்மை இவையெல்லாம் இரண்டு வாரமாக அனேகமாகத் தினமும் இருந்தால், நடையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அரச வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டுங்கள், சிகிச்சை இலவசம். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. இருப்பதைவிடச் சாவது மேல் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் பார்க்கவேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். இரவென்றாலும் எடுக்கலாம்.