லாரியில் போகும் சரக்கை ரயிலுக்கு மாற்றுவது எப்படி?

லாரியில் அனுப்பிப் பழகிய சரக்கை ரயிலுக்கு மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் ரயில் கட்டணத்தையும் லாரி வாடகையையும் அருகருகே வைத்துப் பார்த்து, ரயில் மலிவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. லாரி வாடகை உங்கள் ஆலை வாசலில் தொடங்கி வாங்குபவரின் கிடங்கு வாசலில் முடிகிறது. ரயில் கட்டணமோ ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையம் வரைக்கும்தான். ஆகவே ஆலையிலிருந்து குட்ஷெட் (ரயிலில் சரக்கு ஏற்றி இறக்கும் நிலையம்) வரை போகும் வண்டியின் வாடகை, இரு முனைகளிலும் ஏற்றுகூலி, இறக்குகூலி, அங்கிருந்து கிடங்குக்குப் போகும் வண்டியின் வாடகை, சரக்கு வழியில் இருக்கும் கூடுதல் நாட்களுக்கான வட்டி ஆகிய அனைத்தையும் டன்னுக்கு இவ்வளவு என்று எழுதிக் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது தடை மிகக் குறைவு என்பதால் ஓட்டத்தில் ரயில் எளிதாக வெல்லும்; அது தோற்பதெல்லாம் இரண்டு முனைகளில்தான். நம் முயற்சி முழுவதும் அந்த முனைகளைச் செம்மைப்படுத்துவதில் இருக்க வேண்டும்.

முதல் வேலையாக, கடந்த ஆறு மாத டெஸ்பாட்ச் பதிவேட்டை எடுத்து, ஊர்வாரியாக வாரத்துக்கு எத்தனை டன் போகிறது என்று பிரித்து எழுதுங்கள். 500 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கு இந்த மாற்றம் அரிதாகவே கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு. சேலத்திலிருந்து சென்னைக்கு ஜவ்வரிசி மூட்டை அனுப்புபவருக்கு லாரியே சரி. அதே மூட்டை கொல்கத்தாவுக்கோ தில்லிக்கோ போவதாக இருந்தால், ரயில் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் நஷ்டம். ஒரே ஊருக்கு, வாரம் தவறாமல், இரண்டு நாள் முன்பின்னானாலும் கெடாத சரக்கு எதுவோ அதையே முதலில் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, வேகனா கண்டெய்னரா என்ற கேள்வி. முழு ரேக், அதாவது ஒரே ரயிலாக ஓடும் வேகன் தொடர், சிறிய அளவல்ல. புதிய வகை மூடு வேகன்கள் 58 சேர்ந்தது ஒரு ரேக். ஒரு வேகனில் 60 டன்னுக்கு மேல் பிடிக்கும் என்பதால் மொத்தம் 3,500 டன்னைத் தாண்டிவிடும். 20 வேகன்கள் கொண்ட மினி ரேக்கும் கிடைக்கிறது என்றாலும், அதையும் தனியாக நிரப்பச் சிறிய ஆலையால் முடியாது. ஒரே ஊருக்கு அனுப்பும் பல ஆலைகள் சேர்ந்தால் முடியும். ஆகவே கண்டெய்னரிலிருந்து தொடங்குங்கள். 20 அடிக் கண்டெய்னர் ஒன்று ஏறத்தாழ ஒரு பெரிய லாரி லோடுக்குச் சமம். ஆலையிலேயே ஏற்றிச் சீல் வைத்தால் வாங்குபவரின் கிடங்கில்தான் திறக்கப்படும் என்பதால், இடையில் மூட்டைகளைக் கைமாற்றும் கூலியும் கொக்கி பட்டுக் கிழியும் சேதமும் இல்லாமல் போகின்றன. 1988இல் தொடங்கப்பட்ட, கண்டெய்னர்களை ரயிலில் கொண்டுசெல்லும் அரசு நிறுவனமான கான்காருக்குச் சென்னைத் தண்டையார்பேட்டை, கோவை அருகே இருகூர், தூத்துக்குடி அருகே மீளவிட்டான் ஆகிய இடங்களில் முனையங்கள் இருக்கின்றன. தனியார் கண்டெய்னர் ரயில் நிறுவனங்களும் இத்தொழிலில் இருப்பதால் குறைந்தது இருவரிடம் விலை கேளுங்கள்.

வேகனில் அனுப்ப முடிவு செய்தால், ரயில்வே கோட்ட அலுவலகத்தில் 2020 முதல் இயங்கும் வணிக மேம்பாட்டுப் பிரிவை நேரில் சென்று பாருங்கள். வடக்கிலிருந்து அரிசியும் கோதுமையும் ஏற்றி வரும் மூடு வேகன்கள் பெரும்பாலும் வெறுமையாகத் திரும்புகின்றன. அவ்வாறு வெற்று வேகன்கள் போகும் திசையில் ஏற்றுபவருக்குக் கட்டணத் தள்ளுபடி தரும் திட்டம் ரயில்வேயிடம் உண்டு. உங்கள் சரக்குக்கும் தடத்துக்கும் அது இப்போது பொருந்துமா என்று நீங்களாகவே கேட்க வேண்டும். இதன் பின்னர், இன்டென்டை, அதாவது வேகன் கேட்கும் விண்ணப்பத்தை, இணையவழியே பதிவு செய்யலாம்.

ரேக் வந்து நிற்கும் நாள்தான் உண்மையான சோதனை. வேகன்களை ஏற்றுவதற்கு ஒப்படைத்த நேரத்திலிருந்து இலவச நேரம் ஓடத் தொடங்கும். அது கடந்தால் ஒவ்வொரு வேகனுக்கும் மணிக்கணக்கில் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறும். லோடுமேன்கள், லாரிகள், விளக்கு, குடிநீர் எல்லாம் முதல் நாளே உறுதியாகியிருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வேகனுக்குள்ளும் ஒருவர் ஏறி, கதவுகளைச் சாத்தச் சொல்லி, இருட்டில் நின்று மேலே பார்க்க வேண்டும். கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் மழைநீர் அந்த வழியே இறங்கும். ஒரு மழைக்காலத்தில் அவசரத்தால் இந்தச் சோதனையை நாங்கள் ஒரே ஒரு வேகனில் விட்டுவிட்டோம். போய்ச் சேர்ந்தபோது மேலடுக்கு மூட்டைகள் புளித்து, கட்டியாகியிருந்தன. அன்று முதல் தார்ப்பாயும் பாலித்தீன் விரிப்பும் இல்லாமல் நான் ஏற்றவிட்டதில்லை. கதவு ஓரத்தில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மூட்டை கதவில் சாய்ந்தால் அங்கே போய்த் திறப்பது கடினம். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் அபராதக் கட்டணம் உண்டு என்பதால் எடைச்சீட்டில் கவனமாக இருங்கள்.

ஆர்.ஆர். எனப்படும் ரயில்வே ரசீதைக் கையில் வாங்கியதும் மூட்டை எண்ணிக்கை எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். ரயில்வே ஊழியர் எண்ணிச் சரிபார்க்காமல் நீங்கள் சொன்னதை மட்டும் பதிந்திருந்தால், பின்னால் குறைவு ஏற்படும்போது எண்ணிக்கையை நிரூபிக்கும் பொறுப்பு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி உங்களுடையதாகிவிடும். எனவே ரயில்வே ஊழியரின் கண்காணிப்பில் ஏற்ற வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். இழப்பீட்டுக்கான அறிவிப்பை, சரக்கை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இ-வே பில்லைக் (சரக்கு கொண்டுசெல்வதற்கான ஜி.எஸ்.டி. மின்னணு ஆவணம்) காட்டாமல் சேருமிடத்தில் சரக்கை விடமாட்டார்கள் என்பதால், ஆர்.ஆர். நகலோடு அதையும் அன்றே வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள்.

முதல் மூன்று மாதங்களுக்கு ஒரே தடத்தில், பாதிச் சரக்கை மட்டும் ரயிலில் அனுப்பிப் பாருங்கள். பழகிய லாரி புக்கிங் ஆபீஸோடு உறவை அறுத்துக்கொள்ள வேண்டாம்; முனைகளுக்கு ஓட அவர்களுடைய வண்டிகள்தான் தேவைப்படும். இரவுகளைச் சாலையில் கழித்து 2,000 கிலோமீட்டர் ஓட்டும் ஓட்டுநருக்கு, வீடு திரும்பக்கூடிய 40 கிலோமீட்டர் ஓட்டத்தை நாளுக்கு இருமுறை தர முடிவதை இந்த மாற்றத்தின் பெரிய பயனாக நான் கருதுகிறேன். ஒவ்வொரு முறையும் சரக்கு புறப்பட்ட நாள், சேர்ந்த நாள், சேதமான மூட்டைகள், டன்னுக்கு ஆன முழுச் செலவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வையுங்கள்; மீதிப் பாதியையும் மாற்றலாமா என்பதை மூன்றாம் மாத முடிவில் அந்தத் தாளைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.