கொரோனா ஊரடங்குக் காலத்தில் காரில் வெளியூர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இப்ப அந்தப் பக்கம் போகலாமா?" என்று, கொரோனா ஊரடங்கில் காரில் கிளம்புகிறவர் ஏற்கெனவே போய் வந்தவரிடம் ஒற்றை வரியில் கேட்பதிலேயே முதல் தவறு ஆரம்பித்துவிடுகிறது. கேட்பவர் எங்கிருந்து கிளம்புகிறார், எந்தத் தேதி, வழியில் எங்கே இரவு தங்குவார், வண்டியில் எத்தனை பேர் என்று எதுவும் தெரியாமலே பதில் வந்து விழும்: "நாங்க போன வாரம் போனோம், யாரும் ஒண்ணும் கேக்கல." அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் அது போன வாரத்துப் பதில். தவிர, யாரும் கேட்கவில்லை என்பதற்கு அன்றைக்கு அந்த எல்லைச் சாவடியில் சோதனை நடக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். விதி இல்லை என்று அர்த்தமில்லை.

உருப்படியான ஆலோசனையில் குறைந்தது நான்கு விவரம் இருக்க வேண்டும்: எல்லையைக் கடந்த தேதியும் நேரமும், எந்தத் திசையில் கடந்தார்கள் என்பது, எந்தக் காகிதத்தைக் காட்டச் சொன்னார்கள் என்பது, வண்டி உள்ளூர்ப் பதிவு எண்ணா வெளியூர் எண்ணா என்பது. ஒரே சாவடியில் உள்ளே வருபவரிடம் எல்லாம் கேட்பார்கள், வெளியே போகிறவரைக் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். திசை சொல்லாத ஆலோசனையால் பயனில்லை. பத்து நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் சாலை நிலவரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விதிக்கு வேண்டாம்.

விதிக்கு ஒரே ஆதாரம் அரசு உத்தரவின் முழு நகல்தான். செய்தித் தலைப்பு போதாது. உத்தரவில் தேட வேண்டியவை: எப்போதிலிருந்து அமல், எதுவரை, "கடந்து செல்பவர்" என்று யாரைச் சொல்கிறது, விலக்குப் பட்டியல். கடைசிப் பக்கத்தில் வரும் விலக்குகளைப் பலரும் படிப்பதே இல்லை. குழந்தைகளுக்குப் பரிசோதனை வேண்டுமா, வேண்டாமென்றால் எந்த வயது வரை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

திரும்பி வருவதிலிருந்து கணக்குப் போடுங்கள்

போகும் இடத்தின் விதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் இருப்பதிலேயே அதிகம் நடக்கும் தவறு. ஒரு பயணத்துக்கு நான்கு விதிகள் உண்டு: கிளம்பும் இடத்திலிருந்து வெளியேற, வழியில் உள்ள பகுதிகளைக் கடக்க, சேரும் இடத்தில் நுழைய, மறுபடி வீடு திரும்ப. இவற்றில் நான்காவதுதான் ஆளைக் கவிழ்க்கும். நீங்கள் அங்கே இருக்கும்போது அந்த இடம் தொற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டால், வீடு திரும்பியதும் 14 நாள் தனிமை என்று ஆகிவிடும், அல்லது நுழையவே விடமாட்டார்கள்.

எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல உதாரணம். விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடையிலான எல்லையை மூடப்போவதாக 2020 ஜூலை 6 அன்று அறிவித்தார்கள். மறுநாள் நள்ளிரவோடு மூடிவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரல் 5 அன்று மூடிய எல்லை முழுதாகத் திறந்தது 2022 மார்ச் 3 அன்று. நடுவில் விதிகள் தளர்வதும் இறுகுவதுமாக இருந்தன.

ஆகவே எட்டிப்போகும் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணிக்கணக்கில் அளந்து வையுங்கள். எல்லை மூடப்படும் என்று மாலையில் செய்தி வந்தால், மூடும் நேரத்துக்கு முன் பத்திரமாக வீட்டுப் பக்கம் வந்துவிட முடியுமா? ஒரே ஓட்டுநர் இருக்கும் குடும்பத்துக்கு 8 மணி நேர ஓட்டத்துக்கு மேல் உள்ள இடம் ஊரடங்குக் காலத்தில் தூரம்தான். சேர்ந்த ஊரில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஊருக்குள் நுழைந்த அன்றே நிரப்பிவிடுவது நல்லது.

வழியில் உள்ள பகுதி பற்றி ஒரு வார்த்தை. சில உத்தரவுகள் தொற்றுப் பகுதியை நிற்காமல் கடப்பவரை விட்டுவிடும், அங்கே இரவு தங்கியவரைப் பிடிக்கும். எந்தப் பக்கம் பெட்ரோல் போட்டீர்கள், எங்கே அறை எடுத்தீர்கள் என்பதற்கு ரசீதுதான் சாட்சி. வீடு சேரும்வரை ஒன்றையும் தூக்கி எறிய வேண்டாம்.

அனுமதிச் சீட்டு வாங்கும் இடங்களில் அது வண்டி எண்ணோடும் ஆட்களின் பெயரோடும் கட்டப்பட்டிருக்கும். கிளம்பும் காலையில் வண்டி மக்கர் பண்ணி அண்ணன் காரை எடுத்தால் சீட்டு செல்லாது. மாற்று வண்டிக்கு வாய்ப்பிருந்தால் அந்த எண்ணில் எப்படித் திருத்துவது என்பதை முன்பே பார்த்து வையுங்கள். இரவு ஊரடங்கு 10 மணிக்கு என்றால், வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு ஒவ்வொரு சாவடிக்கும் அரை மணி நேரம் கூட்டி, 8 மணிக்குச் சேரும்படி திட்டமிடுங்கள். செயலிக்குச் சாவடி வரிசை தெரியாது.

72 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

"72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்று" (மூக்கு, தொண்டை மாதிரியில் செய்யும் கொரோனா பரிசோதனையின் முடிவு) என்ற வரியில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா? கிளம்பும்வரையா, எல்லையைத் தொடும்வரையா? உத்தரவு தெளிவாகச் சொல்லாவிட்டால், கடுமையான பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள்: மாதிரி எடுத்ததிலிருந்து எல்லையைத் தொடும்வரை.

கணக்கைப் பாருங்கள். வியாழன் காலை 9 மணிக்கு மாதிரி கொடுத்தால் ஞாயிறு காலை 9 மணியோடு முடிந்தது. முடிவு வர 24 முதல் 48 மணி நேரம் என்றால் கைக்கு வருவது வெள்ளி காலையோ சனி காலையோ. சனி காலை வந்து, எல்லைக்கு 10 மணி நேர ஓட்டம் என்றால், சனிக்கிழமையே கிளம்பியாக வேண்டும். "ஞாயித்துக்கிழமை காலைல ஜாலியா கிளம்பலாம்" என்பது இந்தக் கணக்கில் நடக்காது. சீக்கிரம் முடிவு தரும் ஆன்டிஜென் பரிசோதனைக்கு அவகாசம் பெரும்பாலும் இன்னும் குறைவு. அதை ஏற்கிறார்களா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சான்றில் மாதிரி எடுத்த நேரம் அச்சாகியிருக்கிறதா என்று ஆய்வகத்தை விட்டு வருவதற்குள் கேளுங்கள். சில ஆய்வகங்கள் தேதியை மட்டும் போடும். நேரம் இல்லாவிட்டால் சாவடியில் வாக்குவாதம்தான். பெயரின் எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும், முன்னெழுத்து உட்பட. வாடகை ஓட்டுநர் வந்தால் அவருக்கும் சான்று வேண்டும். இதை மறந்து திரும்பிய வண்டிகள் உண்டு. எல்லாவற்றையும் காகிதத்தில் இரண்டு நகல் எடுங்கள். எல்லையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி

கிருமியைப் பற்றி யோசித்த அளவுக்கு வண்டியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஊரடங்கில் அசையாமல் நின்ற கார், ஓடிக்கொண்டிருந்த காரைவிட அதிகம் கெட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, ஒர்க் ஷாப்புகள் பாதி மூடியிருக்கும் நாளில் நெடுஞ்சாலைக்குப் போகிறோம்.

பேட்டரியில் தொடங்குவோம். இன்ஜின் அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. ஓடி நிறுத்தியவுடன் பார்த்தால் நம்பர் நன்றாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விடுகிறவர்கள் பேட்டரிக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். பத்து நிமிட ஐடிலில் பேட்டரி போதுமான அளவு சார்ஜ் ஆகாது. அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

டயரில் காற்று மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) தானாகவே இறங்கும். ஐந்து மாதம் நின்றிருந்தால் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். ஆட்களும் சுமையும் நிறைய என்றால் அதே ஸ்டிக்கரில் தனி அளவு இருக்கும். ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை, அதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரித்தது. டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் நீண்ட தூரம் போவதை நான் ஒப்ப மாட்டேன்.

ஹேண்ட் பிரேக் போட்டபடியே மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தால் பின் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கியரில் போட்டு நகர்த்தினால் வண்டியின் பின்பக்கம் தாழும், ஆனால் நகராது. அங்கே ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நகர்ந்துவிட்டாலும் ஒரு சோதனை உண்டு: பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த பிரேக் விடாமல் உரசுகிறது. பேனட்டைத் திறந்து எலி கடித்த வயர், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சோதனை ஓட்டத்தைப் பயணத்துக்கு முந்தைய இரவு வைக்காமல் நான்கைந்து நாள் முன்பே வையுங்கள். உதிரிபாகம் வர நாளாகும்.

துடைப்பதில் காட்டிய அக்கறையைக் காற்றில் காட்டவில்லை

ஸ்டியரிங், கைப்பிடி, சீட் பெல்ட் பக்கிள் என்று மணிக்கணக்கில் துடைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றி ஏசியை உள்சுழற்சியில் போட்டு ஆறு பேர் போவது கொரோனா காலத்தின் மிகப் பெரிய முரண். பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. பரவல் முக்கியமாகக் காற்று வழியாகத்தான்.

காருக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் எரிந்துகொண்டிருந்தால் உள்காற்றே சுற்றுகிறது. அதை அணையுங்கள். ஏசி கொஞ்சம் சிரமப்படும், பரவாயில்லை. கண்ணாடியை இறக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் கணினி மாதிரியில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்குள் காற்றோட்டத்தைப் பார்த்தார்கள். ஓட்டுநரும், அவருக்குக் குறுக்கு மூலையில் பின்சீட்டில் ஒரு பயணியும் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். நான்கும் திறந்திருப்பதுதான் சிறந்தது. நான்கையும் ஏற்றி ஏசி போட்டதுதான் மோசம். இரண்டு மட்டும் திறக்க முடியும் என்றால், தத்தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவதைவிட, இருவருக்கும் எதிர்ப்பக்கம் உள்ள கண்ணாடிகளை இறக்குவது நல்லது என்று தெரிந்தது. ஓடும் காரில் காற்று பின் ஜன்னல் வழியே நுழைந்து முன் ஜன்னல் வழியே வெளியேறும். எதிர்ப்பக்க ஜன்னல்கள் திறந்திருந்தால் அந்த ஓட்டம் இருவருக்கும் நடுவில் திரை போல விழுகிறது. ஒரே வீட்டு ஆட்கள் என்றால் இவ்வளவு தேவையில்லை. நண்பரையோ வாடகை ஓட்டுநரையோ ஏற்றும்போது தேவை.

சானிடைசரை வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் தானாகவே வெடிக்கும் என்ற வதந்தி 2020-ல் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆல்கஹால் தானாகத் தீப்பிடிக்க 350 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், எந்த வெயிலும் காரை அவ்வளவு சூடாக்காது. ஆனால் அதன் ஆவி தீப்பொறி பட்டால் சாதாரண அறை வெப்பத்திலேயே பிடிக்கும். கையில் தேய்த்த ஈரம் காயுமுன் சிகரெட் பற்றவைப்பதுதான் ஆபத்து. மூடி தளர்ந்த பாட்டிலிலிருந்து ஆல்கஹால் பறந்துவிடும். 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அது வெறும் வாசனைத் தண்ணீர். பிளீச்சிங் கரைசலை டேஷ்போர்டிலும் தொடுதிரையிலும் தெளிக்காதீர்கள். லெதருக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

நிற்காமல் ஓட்டுவது

யாரையும் தொடக் கூடாது என்று 14 மணி நேரம் நிற்காமல் ஓட்டுவதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்பாடு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதுபோல் ஆகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை 4 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 9 மணிக்கு அந்த நிலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் இறங்கி நில்லுங்கள். திறந்த வெளியில் கால் நீட்டுவதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

கழிப்பறை திறந்திருக்குமோ என்ற பயத்தில் தண்ணீர் குடிக்காமல் போவது, குறிப்பாகப் பெண்கள், இன்னொரு தவறு. தலைவலியும் சோர்வும்தான் மிஞ்சும். வழியில் உள்ள பெரிய பங்க்குகளில் இரண்டு மூன்றை அழைத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்பினால் இந்தப் பிரச்சினை பாதி தீரும். உணவகங்களில் பார்சல் மட்டும் என்றால் சாப்பிடும் இடமும் கைகழுவத் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. குடிநீர் தவிர ஐந்து லிட்டர் தனியாக வையுங்கள்.

அறை முன்பதிவில் "இலவச ரத்து" என்று போட்டிருந்தாலும், அரசு உத்தரவால் வர முடியாமல் போனால் பணம் திரும்புமா, பிறகு பயன்படுத்தும் கூப்பனாகத் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது.

வழியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்

இதற்குத் திட்டமே இல்லாமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். சேரும் ஊரில் பரிசோதனை எங்கே, ஆக்ஸிஜன் வசதியுள்ள மருத்துவமனை எது, தொற்று உறுதியானால் விடுதி அறையில் தொடர விடுவார்களா என்று மூன்றையும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல விடுதிகள் இல்லை என்றுதான் சொல்லும், அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

செலவுக் கணக்கும் இங்கேதான் தப்பும். நோயாளிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 நாள், அதன்பின் அறிகுறி இல்லாமல் 3 நாள் என்பது 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. உடனிருந்தவருக்கு அப்போது கடைசித் தொடர்பிலிருந்து 14 நாள். நால்வரும் ஒரே அறையில் இருந்தால் கடைசித் தொடர்பு என்பதே முடியாது, 14 நாள் எண்ணிக்கை தொடங்காமலே நிற்கும். இரண்டாவது அறைக்குப் பணம் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாட்களோடு மூன்று வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, மருத்துவர் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தவறாகப் பார்த்துப் பதறுகிறார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, நகப்பூச்சு இல்லாத, சில்லிட்டுப் போகாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். 94-க்குக் கீழே நிலைத்தால் வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா என்று யோசிக்க வேண்டாம், அந்த ஊர் மருத்துவமனைதான். அங்கே கொண்டுபோகும்போது நோயாளியைப் பின்சீட்டில், ஓட்டுநருக்குக் குறுக்கு மூலையில் உட்கார வையுங்கள். எல்லாருக்கும் முகக்கவசம், நான்கு கண்ணாடியும் கீழே.

ஓட்டுநரே படுத்துவிட்டால்? வண்டியில் உரிமம் உள்ள இரண்டாவது ஆள் இருக்க வேண்டும். வாடகைக் கார் என்றால் அவர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்தில் காப்பீடு கைவிரித்துவிடலாம். அந்தப் பெயரைச் சாவி வாங்கும்போதே சேர்த்துக்கொள்ளலாம், பல இடங்களில் இதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.