முழங்கால் வலிக்குத் தொடைத் தசையில் தொடங்குங்கள்

மதுரையின் பூக்கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மல்லிகை கட்டும் பெண்கள் காலையில் சம்மணமிட்டால், கூடையிலுள்ள பூ தீரும் வரை எழுவதில்லை. எழும்போது ஒரு கையைத் தரையிலும் மறு கையை முழங்காலிலும் ஊன்றி எழுகிறார்கள். நான்கைந்து அடி நொண்டிய பிறகே நடை சீராகிறது. இத்தகையவர்களிடம் ‘மூட்டுத் தேய்மானம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்ற அச்சத்தில் நடையையே நிறுத்திவிடுகிறார்கள். வலியை விடவும் இந்த அச்சம் செய்யும் கேடு பெரிது.

மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் சுரக்கும் வழுவழுப்பான திரவமே அதற்கு ஊட்டம் அளிக்கிறது. கால் மடங்கி நீளும்போதும், நடையின் பாரம் விழுந்து விலகும்போதும்தான் அந்தத் திரவம் குருத்தெலும்புக்குள் சென்று வருகிறது. அசைவை நிறுத்தினால் ஊட்டம் குறைகிறது. அதோடு, முழங்கால் சில்லைப் பிடித்து நிறுத்தும் முன்தொடைத் தசையும் சில வாரங்களிலேயே மெலியத் தொடங்குகிறது. தசை மெலிந்தால் அது தாங்கவேண்டிய அதிர்ச்சி முழுவதும் மூட்டின் மேல் இறங்கும். ஆகவே வலியைத் தணிக்க விரும்புபவர் முதலில் பலப்படுத்த வேண்டியது தொடையை.

இதற்கான முதல் பயிற்சியைக் கட்டிலிலோ பாயிலோ செய்யலாம். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி அமருங்கள். ஒரு துண்டை உருளையாகச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். இப்போது அந்தத் துண்டை நசுக்குவதுபோல் முழங்காலின் பின்புறத்தைக் கீழ்நோக்கி அழுத்தி, கால் விரல்களை உங்களை நோக்கி இழுங்கள். முழங்கால் சில்லுக்கு மேலே, உட்புறமாக இரண்டு விரல்களை வைத்துப் பாருங்கள். அங்குள்ள தசை இறுகிக் கெட்டியாவதை விரல் உணரவேண்டும். இறுகாமல் வெறுமனே பாதம் மட்டும் ஆடினால் பயிற்சி நடக்கவில்லை என்று பொருள். மூச்சை அடக்காமல், வாய்விட்டு ஐந்து வரை எண்ணும் நேரம் பிடித்து, பிறகு தளர்த்துங்கள். பத்து முறை செய்து, சற்று ஓய்வுக்குப் பின் மறுபடி பத்து முறை செய்யலாம். வலியில்லாத காலுக்கும் இதைச் செய்வது அவசியம். ஏனெனில் நோயுற்ற காலின் பாரத்தையும் அதுவே சுமந்துகொண்டிருக்கிறது.

இது எளிதானதும் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து ஊன்றி, மற்றக் காலை முழங்கால் மடங்காமல் ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் உயரத்திற்குத் தூக்கிப் பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ‘தொப்’பென்று போடக்கூடாது, இறக்குவதில்தான் தசைக்கு வேலை அதிகம். பிறகு ஒருக்களித்துப் படுத்து, மேலிருக்கும் காலைப் பக்கவாட்டில் தூக்குங்கள். இடுப்பின் பக்கத் தசை வலுவிழந்தால் நடக்கும்போது உடல் இருபுறமும் ஆடும், முழங்காலும் உட்புறமாகச் சாயும் என்பதால் இதைத் தவிர்க்கவேண்டாம்.

மூன்றாவது, நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது. நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான், ஏனெனில் அன்றாட வாழ்க்கைக்கு நேரடியாக உதவும் பயிற்சி இது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கக்கூடும்; சுவரை ஒட்டிப் போடுங்கள். தாழ்வாக இருந்தால் மடித்த போர்வையை அதன்மேல் வைத்து உயர்த்துங்கள். பாதங்களைச் சற்று பின்னுக்கு இழுத்து, மார்பை முன்சாய்த்து, இயன்றவரை கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக அமருங்கள். முதல் வாரம் ஐந்து முறை போதும். பத்து முறை எளிதாக முடிந்ததும் போர்வையை எடுத்துவிடலாம்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம் என்ற கேள்வி எல்லோருக்கும் உண்டு. பயிற்சியின்போது லேசாக வலிப்பதில் தவறில்லை. ஆனால் மறுநாளும் வலி கூடியிருந்தாலோ முழங்கால் வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிடுபவர்களே அதிகம்.

பயிற்சிக்கு முன் ஒத்தடம் கொடுத்தால் விறைப்பு தளர்ந்து கால் எளிதாக மடங்கும். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தாலும், நொச்சி இலையை வதக்கிக் கட்டினாலும், அங்கே வேலை செய்வது பெரும்பாலும் சூடுதான். 15 நிமிடம் போதும். முதலில் முன்கையின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அருகிலிருப்பவரைப் பார்க்கச் சொல்வது நல்லது, ஏனெனில் தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. புதிதாக அடிபட்டு வீங்கிய முழங்காலுக்குச் சூடு கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியே ஏற்றது. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகத் தேய்ப்பது இதமளிக்கும், ஆனால் பயிற்சிக்கு அது மாற்றாகாது. முடக்கத்தான் தோசையையும் பிரண்டைத் துவையலையும் உணவாக விரும்பிச் சாப்பிடலாம். பெயரும் விவரமும் இல்லாமல் பொட்டலத்தில் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் அபாயம் உண்டு.

உடல் எடை கூடுதலாக உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. நடைக்கு வண்டியூர் தெப்பக்குளத்தின் கரை நல்ல இடம். தரை சமமாக இருக்கும், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கோடையில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முதலில் அரைச் சுற்று நடந்து பழகுவதே போதும். கைத்தடி வைத்திருப்பவர்கள் அதை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்கவேண்டும். பெரும்பாலோர் இதை மாற்றியே பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது வலிக்கும் காலும் முதலில் செல்லட்டும்.

பூக் கட்டுபவர்கள் தொழிலை விடவேண்டியதில்லை. கூடையை ஒரு முக்காலியின் மேல் வைத்து, தாங்களும் நாற்காலியில் அமர்ந்து கட்டலாம். தரையில்தான் கை ஓடும் என்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை காலை நீட்டி, முதலில் சொன்ன பயிற்சியைப் பத்து முறை செய்துவிட்டு மீண்டும் மடிக்கலாம். அதற்குப் பூவைக் கீழே வைக்கக்கூடத் தேவையில்லை.

காய்ச்சலோடு முழங்கால் சிவந்து வீங்கினாலோ, விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலோ, கெண்டைக்கால் ஒருபுறம் மட்டும் வீங்கி வலித்தாலோ பயிற்சி செய்யாமல் அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீள மறுத்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவ சேவை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றிக் கேளுங்கள்.